பூசணிக்காய் உடைத்த வெள்ளிக்கிழமை

பெயர்: ஸ்டெபனி அன்புராசா. வயது: இருபத்து நான்கு. முகவரி: ஸ்காபரோ, டோர்செட் பார்க், கென்னடி வீதி அடுக்குமாடிக் குடியிருப்பு, பதினோராம் மாடி. பெற்றோருடன் வசிக்கிறேன். தொழில்: வேப் (மின்சிகரெட்) கடையில் விற்பனையாளராக இருந்தேன், இப்போது வேலை தேடுகிறேன். என் சமயத்தை யாரும் கேட்கவில்லை. பின்னால் சொல்லப்போவதற்கு அது தேவைப்படும் என்பதால் நானே சொல்கிறேன், நான் கத்தோலிக்கப் பெண்.

வாக்குமூலம் ஆங்கிலமா தமிழா என்று பொலிஸ் அலுவலர் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். உயிரியல் படித்தேன், ஆங்கிலம் எனக்குத் தடையில்லை. ஆனால் சம்பவத்தன்று கடை வாசலில் பேசப்பட்டதெல்லாம் தமிழ் என்பதால் தமிழில் தருகிறேன். தமிழ் தெரிந்த அலுவலர் எழுதுகிறார். என் குரல் இயல்பிலேயே சிறியது. சில இடங்களில் திரும்பச் சொல்லும்படி அவர் கேட்டார், திரும்பச் சொன்னேன்.

படிப்பு முடிந்து வேறு வேலை கிடைக்காததால், எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துப் பிளாசாவில் திரு. நவரட்ணம் நடத்திய வேப் கடையில் சேர்ந்தேன். அவரை நவம் அங்கிள் என்றும் அவருடைய மனைவி மங்கையற்கரசியை மங்கை அன்ரி என்றும் அழைப்பேன். நான் சேர்ந்த காலத்தில் அதே வீதியில் இன்னும் மூன்று வேப் கடைகள் இருந்தன. அதன்பின் ஒன்று பபிள் ரீ கடையானது, ஒன்று போன் திருத்தும் கடையானது, மூன்றாவதன் கண்ணாடியில் வாடகைக்கு என்ற அட்டை தொங்குகிறது. எங்கள் கடைக்கும் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வரி கூடியது. இளம் ஆட்கள் போனில் வாங்கி வீட்டுக்கே வரவழைத்தார்கள். வயது வந்தவர்களில் சிலர் முற்றாகவே விட்டுவிட்டார்கள். சிகரெட்டை விடுவதற்காக எங்களிடம் வரத் தொடங்கிய பஸ் சாரதி ஒருவர், வேப்பையும் விட்டுவிட்டேன் என்று சொல்வதற்கென்றே ஒருநாள் வந்தார். நவம் அங்கிள் அவருக்குக் கைகொடுத்து வாழ்த்தி அனுப்பினார். அதன்பின் மாம்பழச் சுவைப் போத்தல்களை அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தார். அவற்றில் தூசி இருக்கவில்லை.

கடையின் கண்ணாடிகள் மேலிருந்து கீழ்வரை வெள்ளைத் தாள் ஒட்டி மறைக்கப்பட்டவை. உள்ளே இருக்கும் பொருட்கள் வெளியே தெரியக்கூடாது என்பது சட்டம், அதற்காக அப்படி ஒட்டியிருந்தது. அதனால் உள்ளே நிற்பவருக்கும் வெளியே நடப்பது தெரியாது.

எங்கள் கடைக்கு அடுத்தது திரு. அமிர்தநாதரின் வறைற்றி கடை. பால், பாண், லொத்தர் விற்பார். எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கைச் சேர்ந்தவர். வயது எழுபதுக்குக் கிட்ட. இரண்டு வருடமாக அவரும் கவுண்டருக்குப் பின்னால் கொஞ்சம் வேப் வைத்து விற்கத் தொடங்கியிருந்தார். இங்கே விசாரிக்கப்படும் சம்பவத்துக்கு முந்தைய கிழமை இது பற்றி அவருக்கும் நவம் அங்கிளுக்கும் வாசலில் வாக்குவாதம் நடந்தது. நான் குப்பைப் பையோடு நின்றேன்.

நவம் அங்கிள், "அண்ணை, நீங்கள் பாலையும் பாணையும் வில்லுங்கோ, புகையை எனக்கு விடுங்கோ" என்றார்.

அதற்கு அமிர்தநாதர், "டேய் நவம், உன்ர மாம்பழப் புகை, லிச்சிப் புகையை இனி ஆர் குடிக்கினம்? பெடியள் போனிலயே எடுப்பிக்கிறாங்கள். நான் வைச்சிருக்கிற நாலு பெட்டியாலயோ உன்ர கடை படுக்குது?" என்றார்.

"உங்கட கடையும் ஒருநாள் படுக்கும். அப்ப வந்து பாக்கிறன்" என்று நவம் அங்கிள் சொன்னார். இப்படிச் சொன்னாரா என்று அலுவலர் என்னிடம் கேட்டார். சொன்னார். அது அவருக்குப் பாதகமானது என்று தெரிந்தே சொல்கிறேன்.

அதன்பின், கடைக்குக் கண்ணூறு பட்டிருக்கிறது என்று மங்கை அன்ரி சொன்னார். யூனியன்விலில் அவருடைய தங்கை நடத்தும் சாப்பாட்டுக் கடையில் நீற்றுப்பூசணிக்காய் உடைத்துக் கழித்த பிறகு வியாபாரம் நிமிர்ந்ததாம். சம்பவம் நடந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் ஒரு பூசணிக்காயோடு வந்தார். பக்கத்தில் ஓட்டை வெட்டி உள்ளே குங்குமம் கரைத்து ஊற்றினார். கடையைச் சுற்றிக் காட்டிய பின் அதை வழிகள் கூடும் இடத்தில் உடைக்க வேண்டும் என்றும், உடைத்தவர் திரும்பிப் பார்க்காமல் வந்து கால் கழுவி உள்ளே நுழைய வேண்டும் என்றும், திரும்பிப் பார்த்தால் கழித்த கண்ணூறு அவரோடு கூடவே வந்துவிடும் என்றும் எனக்கு விளக்கினார்.

எங்கள் பிளாசாவில் கார்கள் வரும் பாதையும் போகும் பாதையும் நடைபாதையும் கூடுகிற இடம் ஒன்றுதான். அது அமிர்தநாதரின் வாசலுக்கு நேரே இருக்கிறது.

"உதிலயோ? அமிர்தநாதர் அண்ணையின்ர வாசலெல்லே" என்று நவம் அங்கிள் தயங்கினார்.

"மூண்டு வழியும் சேருற இடம் உதுதான். வேற எங்க போறது, ஹைவேயிலயோ?" என்றார் அன்ரி.

உடைத்த பிறகு நான் போய்க் கூட்டி அள்ளிவிட வேண்டும் என்று நவம் அங்கிள் என்னிடம் சொன்னார். அதற்காக விளக்குமாறையும் பையையும் வாசலில் எடுத்து வைத்தேன். அதன்பின் அன்ரி கால் கழுவும் தண்ணீர் வாளியை என்னிடம் தந்து, "நீ வேதக்காரி, உனக்கு உது ஒண்டும் செய்யாது, நீ வெளியில நில்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் விளக்கேற்றினார். இதனால்தான் நான் மட்டும் வீதியைப் பார்த்தபடி வெளியே நின்றேன்.

நவம் அங்கிள் பூசணிக்காயின் மேல் கற்பூரம் கொளுத்தி, கடையைக் காட்டி மூன்று முறை சுற்றி, கொண்டுபோய் அந்த இடத்தில் போட்டு உடைத்தார். உடைத்துவிட்டு நேரே என்னை நோக்கி வந்தார். நான் விளக்குமாறை எடுக்கக் குனிந்தேன். அதற்குள் அமிர்தநாதர் தன் கடையிலிருந்து பெரிய தும்புத்தடியோடு வெளியே வந்துவிட்டார். "உதென்ன கூத்து, சனம் வழுக்கி விழப்போகுது" என்று ஏசிக்கொண்டே துண்டுகளைத் தள்ளத் தொடங்கினார். காலையில் பெய்த பனி உருகி நிலம் ஈரமாக இருந்தது. இரண்டாவது தள்ளில் அவருடைய கால் வழுக்கியது. பக்கவாட்டில் விழுந்தார். யாரும் அவரைத் தள்ளவில்லை. அப்போது நவம் அங்கிள் அவரிலிருந்து ஒரு கார் நீளத்துக்கும் கூடுதலான தூரத்தில், முதுகு காட்டியபடி வந்துகொண்டிருந்தார்.

விழுந்த சத்தம் கேட்டு நவம் அங்கிள் வாளிக்கு முன்னால் நின்றுவிட்டார். அவருடைய முகம் எனக்கு நேரே இருந்தது. "பிள்ளை, நீ பார். என்னால திரும்பேலாது. ஆருக்கு என்ன?" என்று கேட்டார். நான் பதில் சொன்னேன், ஆனால் என் குரல் வெளியே வரவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். "அமிர்தநாதர் அங்கிள் விழுந்திட்டார்" என்றேன். கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அன்ரி, "திரும்பாதேங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்று கூப்பிட்டார். அவருக்கு வெளியே நடந்தது தெரியாது.

அதன்பின் நவம் அங்கிள் என்னைப் பார்த்தபடியே பின்புறமாக நடக்கத் தொடங்கினார். "நேரோ? இஞ்சாலயோ?" என்று என்னிடம் வழி கேட்டுக் கேட்டு நடந்தார். நான் கையால் காட்டினேன். இந்த இடத்தைப் பற்றி அலுவலர் பலமுறை கேட்டார். விழுந்து கிடந்தவரை அவர் நையாண்டி செய்யவில்லை. அவரிடம் போவதற்கு அந்த நேரம் அவருக்குத் தெரிந்த வழி அதுவாக இருந்தது.

நவம் அங்கிளின் குதிக்கால் கீழே கிடந்த தும்புத்தடியில் பட்டது. அப்போது அமிர்தநாதர் கீழே கிடந்தபடி, "டேய் நவம், முகத்தைக் காட்டடா" என்றார். நவம் அங்கிள் திரும்பினார். திரும்பி அந்தச் சிவப்புத் தண்ணீரிலேயே முழந்தாளிட்டு, தன் ஜாக்கெற்றைக் கழற்றி அவருடைய தலைக்குக் கீழே வைத்தார். நான் 911ஐ அழைத்தேன். அம்புலன்ஸ் வந்து அமிர்தநாதரை ஏற்றிச் சென்றது. ஜாக்கெற்றும் அவரோடு போனது. நவம் அங்கிள் இதுவரை அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

அமிர்தநாதருக்கு இடுப்பு எலும்பு முறிந்து சத்திரசிகிச்சை நடந்ததாகவும், மயக்க மருந்து கொடுத்த பிறகு, தான் விழுந்ததும் நவரட்ணத்தின் முதுகும் மட்டுமே அவருக்கு நினைவிருப்பதாகவும் அறிந்தேன். அவருடைய மகன் நிசாந்தன் பிளாசாவின் கமரா படத்தைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே வழுக்கவைத்து விழுத்தினார்கள், பிறகு கேலி செய்தார்கள் என்று முறைப்பாடு கொடுத்திருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்து அவர் என்னிடம் வந்து, "ஸ்டெபனி, நீ எங்கட ஆள். அப்பா கிடக்கிற கிடையை ஒருக்கா வந்து பார், பிறகு போய்ச் சொல்லு" என்றார். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அமிர்தநாதர் நித்திரையாக இருந்தார். அவருடைய கட்டிலின் அருகே உடுப்புகள் வைத்த பிளாஸ்ரிக் பையில் குங்குமக் கறை படிந்த அந்த ஜாக்கெற் இருந்தது. தகப்பனுடையது என்று நிசாந்தன் நினைத்திருக்கிறார்.

அதன்பின் நவம் அங்கிள் கடையை மூடினார். மிஞ்சியிருந்த போத்தல்களைப் பெட்டிகளில் அடுக்க நான் உதவினேன். கண்ணாடித் தாளை உரித்தபோது உள்ளே முதல் தடவையாக வெயில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்ததால்தான் கடை போனது என்று மங்கை அன்ரி சொன்னார். கடை அதற்கு முன்பே போய்விட்டது என்பது என் கருத்து. இப்போது எனக்கு அவரிடம் வேலையும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை.

இன்று இங்கே கமரா படம் எனக்குக் காட்டப்பட்டது. அதில் நவம் அங்கிள் முதுகு காட்டி நிற்பதும், பின்புறமாக நடந்து படத்தின் ஓரத்தைக் கடந்து மறைவதும் தெரிகிறது. அவர் திரும்பிய இடம் அதில் இல்லை. அதன்பின் என் 911 அழைப்பின் ஒலிப்பதிவு போடப்பட்டது. அதில் என் குரல் உரத்துக் கேட்கிறது, முதலில் அது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. எனக்குப் பின்னால் இரண்டு ஆண்கள் பேசுகிறார்கள். அலுவலருக்கு அந்தச் சொற்கள் கேட்டிருந்தன, யார் யாரிடம் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது மட்டும் விளங்கவில்லை என்றார். "அண்ணை, கண்ணை மூடாதேங்கோ. பாருங்கோ, நான் திரும்பிட்டன்" என்பது நவம் அங்கிளின் குரல். "ஐயோ, திரும்பிட்டியோ? உன்ர மனுசி உன்னைக் கொல்லப்போறாள்" என்பது அமிர்தநாதரின் குரல். அதற்குப் பிறகு அழுகைபோலக் கேட்பது அழுகை அல்ல. வலியோடு அவர் சிரித்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எழுதப்பட்டதை அலுவலர் எனக்கு முழுமையாக வாசித்துக் காட்டினார். என் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் அன்றி வேறெதையும் இதில் நான் சேர்க்கவில்லை. யாருக்கும் பயந்தோ, யாருக்கும் சார்பாகவோ இதைச் சொல்லவில்லை. இதில் உள்ளவை உண்மை என்று ஏற்று, இதன் கீழ் என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஸ்டெபனி அன்புராசா
ரொறன்ரோ