கடலில் விட்ட ரயில்

அறுபதுகளில் ஒரு காலை, அந்தமானில் மாயாபந்தரிலிருந்து லாங் ஐலண்டுக்குச் செல்லும் படகில் எனக்கு முன்னால் இரண்டு ஆசிரியைகள் அமர்ந்திருந்தனர். இளையவரின் மடியில் ஒரு நோட்டு விரிந்திருந்தது.

"ரயிலத் தூக்கிக் கடல்ல விட்டுட்டேன்க்கா."

"என்னட்டி சொல்லுத?"

"பாடத்துல ரயில் பயணம். ரயிலப் பாத்த பிள்ளை ஒண்ணுகூட இல்ல, ஒருத்தரும் வாயைத் தொறக்கல. நடந்தத இந்த நோட்டுல எழுதி வச்சு யோசிச்சேன். அடுத்த மாசம் ரயிலுக்குப் பதிலா கப்பல், பிள்ளைக சொல்லுத ஜஹாஜ்னேன். கிளாஸே கத்துச்சு. மேரி மட்டும் பேசல."

"அவ ஊமைக்கோட்டான்லா!"

"நானே கேள்வி கேக்கதுதான் தப்போன்னு தோணிச்சு. இந்த மாசம், நீங்க கேளுங்க, நான் பதில் சொல்லுதேன்னு மாத்தினேன். நேத்து மேரி எந்திரிச்சுட்டாக்கா!"

"என்ன கேட்டா?"

"'மெயின்லேண்டுல உங்க பாப்பாக்கு யாரு பாடம் சொல்லிக் குடுக்கா, டீச்சர்?'ன்னா."

மூத்தவர் இளையவரின் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்ன?"

"வெள்ளிக்கிழமை சொல்லுதேன்னேன்."

"ஏட்டி, மவகிட்டப் போகணும்னு மூணு வருசமா கேட்டு வாங்கின மாத்தல். வியாழக்கிழமையில்லா உனக்கு ஜஹாஜ்?"

"சொன்ன பொறவுதான் உறைச்சுதுக்கா."

படகு ஜெட்டியை அணையும்வரை, நோட்டில் அடுத்த மாதத்தின் பெயர் மட்டும் எழுதியிருந்த வெற்றுப் பக்கத்தை இளையவர் உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார்.