வெஸ்கட் துரையின் புதுச்செடி

இந்த உலகத்தில் ஆண்டவன் படைக்காத செடி ஒன்று உண்டு, ஐயா. அதைப் படைத்தவன் நான். பெயர் அப்பாவு. வெஸ்கட் துரைக்குக் காடுகாடாகச் செடி பறித்துச் சுமந்தவன், இப்போது ஓய்வில் இருக்கிறேன். பேராக்கில் நான் ஏறாத மரம் இன்னும் முளைக்கவில்லை. பீடோர் காட்டில் ஒரு புலி எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. காலையில் இதையெல்லாம் சொன்னபோது உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி சூசைநாதன் சிரித்தார்.

"பெருசு, வீட்டுக்குப் போயி படுலா. பொய்யிலயும் ஒரு அளவு வேணும்."

நல்லவேளை, நான் சொன்னது மெய்யா என்று பார்த்துவர நீங்கள் அவரையே மலைக்கு அனுப்பிவிட்டீர்கள். அவர் வரும்வரை சொல்கிறேன்.

துரை போன நூற்றாண்டில் கப்பலேறி வந்தவர். வாலிபத்தையும் பாதிப் பல்லையும் இந்தக் காட்டில்தான் விட்டார். செடிகளைத் தாளுக்கிடையில் அழுத்திக் காயவைத்துச் சீமைக்கு அனுப்புவார். ஏற்கெனவே தெரிந்த செடி என்றே பதில் வரும். அன்று சாப்பிட மாட்டார். பார்க்கச் சகிக்கவில்லை, எனக்குக் கொஞ்சம் குறும்பும் உண்டு. ஒரு செடியின் தண்டில் இன்னொன்றின் பூவை ரப்பர்ப் பாலால் ஒட்டி, அழுத்திக் காயவைத்தேன். ஒட்டு எனக்கே தெரியவில்லை. துரைக்கோ கண்ணில் புரை. ஈப்போ சுண்ணாம்பு மலையில், நாலு பக்கமும் பாறை சூழ்ந்த பள்ளத்தில் பறித்ததாகச் சொன்னேன். சீமையில் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். துரை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

போன வருஷம் வினை வந்தது. அந்தச் செடியை உயிரோடு பார்க்க இரண்டு பெரிய துரைமார் கப்பலேறிவிட்டார்கள். அவர்கள் வருமுன் தானே பார்த்துவிட வேண்டுமென்று இவருக்கு ஒரே அவசரம். தேடினால் செடி இருக்காது. சீமை முழுக்க அவரைப் பார்த்துச் சிரிக்கும். அந்த வெட்கத்தில் மனிதர் உயிரை விட்டிருப்பார். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், ஐயா?

பிரம்பு ஏணியில் அவரைப் பள்ளத்துக்குள் இறக்கினேன். கால் தரையில் பட்டதும் ஏணியைச் சுருட்டி மேலே எடுத்துக்கொண்டேன். காட்டுக்குள் போனவர் திரும்பவில்லை என்று ஊரில் சொன்னேன். வந்த துரைமார் தொப்பியைக் கழற்றி, அவரைப் புகழ்ந்து பேசிவிட்டுப் போனார்கள். பெயர் தப்பியது.

நான் கொடுமைக்காரன் இல்லை. மெல்லிய நூலில் கூடை கட்டித் தினமும் சோறும் கருவாட்டுக் குழம்பும் இறக்கினேன். கூடை திரும்பும்போது அதில் செடி இருக்கும்.

"அப்பாவு, இதுவா?" என்று கீழிருந்து கேட்பார்.

"இல்ல தொர. இன்னும் கொஞ்சம் அந்தாண்ட பாருங்க."

முதலில் ஏணி கேட்டார். பிறகு கேட்கவில்லை. தேடுவதில் மனம் தோய்ந்துவிட்டது. கடைசிவரை பிடித்த வேலை, வேளைக்குச் சோறு. அந்த வயதில் வேறென்ன வேண்டும். அடைமழையில் ஒருநாள், போன சோறு அப்படியே திரும்பி வந்தது.

கள்ளுக்கடையில் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். ஒருவரும் நம்பவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இங்கே வந்தேன்.

இதோ சூசைநாதன் வந்துவிட்டார். சட்டையெல்லாம் சுண்ணாம்பு. ஏன் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார்? சொல்லுங்கள் கிராணி, நான் சொன்னது பொய்யா?

"நெசந்தான், பெருசு. உள்ளதான் கெடக்காரு. காட்டுக்கொடிய உரிச்சு, முறுக்கி, கயிறு கயிறா திரிச்சிருக்காரு. பாற மொனையில எல்லாம் மாட்டித் தொங்குது. ஒண்ணுகூட மேல வரைக்கும் எட்டல."