அரை நொடியில் ஒரு 'சரி'

செல்போனில் குறுக்கே வந்து நிற்கும் பெட்டியை யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். ஆனால் பதினொரு வருடமாக அதுதான் என் பிழைப்பு. 'நிச்சயமாகவா?' என்று கேட்கும் பெட்டி எப்போது வர வேண்டும், அதில் என்ன எழுத வேண்டும், 'சரி' எந்தப் பக்கம், 'வேண்டாம்' எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பவன் நான். அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் நந்தி.

எங்கள் ஆப் சர்க்கரை நோயாளிகளுக்கானது. இடுப்பில் ஒரு சின்னக் கருவி இன்சுலினைச் செலுத்தும். எவ்வளவு என்பதைப் போனில் சொல்ல வேண்டும். அளவு மீறினால் என் பெட்டி வந்து தடுக்கும். தேவையில்லாமல் கேட்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். சும்மா சும்மா கேட்டால் ஜனங்கள் படிப்பதை விட்டுவிடுவார்கள், விரல் தானாக 'சரி'க்குப் போய்விடும். பெட்டி வந்ததற்கும் விரல் பட்டதற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று நாங்கள் அளப்போம். ஒரு நொடிக்குக் கீழே என்றால் ஆள் படிக்கவில்லை.

என் அண்ணன் அந்தக் கருவியைத்தான் கட்டியிருந்தார். லேத் பட்டறையில் வேலை. நல்ல மனிதர், அதை நான் மறுக்கவே மாட்டேன். என்னைப் படிக்க வைக்கத் தன் படிப்பைப் பாதியில் விட்டவர். ஒரே குறை, எதையும் படித்துப் பார்க்க மாட்டார். போன வருடம் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. இதயம் தாங்காமல் போகலாம் என்று படிவத்தில் அச்சடித்தே இருந்தது. அண்ணன் கையெழுத்துப் போட்டார். அம்மா உயிரோடு வெளியே வரவில்லை.

"படிச்சுப் பார்த்தியாண்ணே?" என்று பிறகு கேட்டேன்.

"எங்கடா படிக்கிறது, கண்ணெல்லாம் தண்ணி" என்றார்.

அந்தப் பதில் எனக்குச் செரிக்கவில்லை. மாதக்கணக்கில் சோறு இறங்கவில்லை. படிக்காமல் போடுவது என்றால் என்ன என்று அவருக்கு ஒரு முறையாவது உறைக்க வேண்டும் என்று தோன்றியது.

சோதனைப் பதிப்பை அவர் போனில் ஏற்றினேன். "நீ செஞ்சதா? போடு போடு" என்று அவரே போனை நீட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை மருந்து செலுத்தும்போதும் ஒரு பெட்டி அனுப்பினேன். எழுத்து தெளிவாக இருக்கிறதா, நிறம் பிடித்திருக்கிறதா, இப்படி ஒன்றுக்கும் உதவாத கேள்விகள். முதல் வாரம் ஐந்தாறு நொடி எடுத்துக்கொண்டார். தம்பி எழுதியது என்று அண்ணிக்கு வாசித்துக்கூடக் காட்டினாராம். மூன்றாம் வாரம் இரண்டு நொடி. ஆறாம் வாரம் அரை நொடி.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அவர் சாப்பிட உட்காரும் நேரத்தில், என் மேசையிலிருந்தே அளவைப் பத்து மடங்காக மாற்றினேன். பெட்டியில் எந்த ஏமாற்றும் இல்லை. நீங்களே எடுத்துப் பார்க்கலாம். 'இது வழக்கமான அளவைப் போல் பத்து மடங்கு. உயிருக்கு ஆபத்து. செலுத்தவா?' 'வேண்டாம்' பட்டனை எப்போதையும்விடப் பெரிதாக வைத்திருந்தேன். அவர் அரை நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

உடனே கூப்பிட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்கிறீர்கள். காப்பாற்றியிருக்கலாம். போன் என் கையில்தான் இருந்தது. நான் கூப்பிடவில்லை. பட்டறையில் விழுந்தவர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

"அப்படி என்னத்தைப் பார்க்காம அமுக்குறீங்கன்னு கேட்பேன்" என்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தம்பி கேட்டா சரின்னு சொல்ல வேண்டியதுதானே, அதுல என்ன படிக்கிறதுன்னு சிரிப்பாரு, தம்பி."

எனக்கும் அழுகை வந்தது. பொய் அழுகை இல்லை.

கொன்றது நான்தான் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவின் படிவத்தைப் பற்றியும் கேட்டீர்கள். நர்ஸ் வேறு மாதிரி சொல்வதாகச் சொன்னீர்கள். அவர் சொல்வது உண்மைதான். படித்தவன் என்று படிவத்தை முதலில் என்னிடம்தான் கொடுத்தார். இரண்டு பக்கமும் படித்தேன். இதயத்தைப் பற்றிய வரியை இரண்டு முறை படித்தேன். கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. அண்ணனிடம் நீட்டி, "எல்லாருக்கும் குடுக்குறதுதான், ஒண்ணுமில்ல, போடுண்ணே" என்றேன்.

அப்போதும் அவர் ஒரு தடவை படித்துப் பார்த்திருக்கலாம்.