அவளைக் கேட்காத சட்டம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே! எனக்கு முன்னே ஏழு நாட்டுத் துப்பாக்கிச் சட்டங்களை எடுத்துரைத்து அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் அவர்களே! நரை கண்ட பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையோடு நின்றபடியே கேட்கும் தாய்மார்களே! வணக்கம்.

நான் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டவன். எழுத்தறியாதவன். ஆண்டை எண்ணால் சொல்லத் தெரியாது. டிராம் தண்டவாளத்தைப் பிடுங்கினார்களே, பால் புட்டி போய்ப் பை வந்ததே, துறைமுகத்தில் நாற்பது நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அந்த ஆண்டு!

அந்த ஆண்டில்தான் என் தங்கை கணவர், மரக்கடைக்காரர், துப்பாக்கிக்கு மனுப் போட்டார். நம் சட்டம் என்ன கேட்டது? வரி ரசீது கேட்டது. மருத்துவர் சான்று கேட்டது. நல்லவர் என்று சொல்ல அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைக் கேட்டது. ஒருவர் சலவைக்கடைக்காரர். இன்னொருவன், பக்கத்து வீட்டுக்காரனான நான்.

மனுவை விசாரிக்க மச்சான் வீட்டுக்கு எழுத்தர் வந்தார். "இவருக்குக் கோவம் வருமாய்யா?" என்றார்.

"கோவம் வராதவன் மனுஷனா சார்?" என்றேன்.

மச்சான் சிரித்து என் முதுகில் தட்டினார். பின்வரிசையில் நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அன்று நானும் சிரித்தேன். எழுத்தர் என்ன எழுதினார் தெரியுமா? 'கோபம் வராத மனிதர்' என்று எழுதினார்! என் கேள்வியையே சான்றாக்கிவிட்டார். அதன் கீழே கட்டைவிரலை அழுத்தினேன். எழுதியது இன்னதென்று நீதிமன்றத்தில் வாசித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

தண்ணீர்ச் செம்போடு தங்கை கதவோரம் நின்றாள். "அண்ணே, என்னையும் ஒரு வார்த்தை கேக்கச் சொல்லேன்" என்றாள்.

"ஆம்பளைங்க பேசிட்டிருக்கோம்ல? நீ உள்ள போ."

போனாள். நான்காம் மாதம், ஒரு மதியம், சோறு ஆறிப்போன குற்றத்துக்காக, அதே துப்பாக்கியால் ஒரேயடியாகப் போனாள்.

நீதிமன்றம் என்னைத் தண்டித்ததா? இல்லை ஐயா! சாட்சிக்கு நன்றி சொல்லி அனுப்பியது!

பிறகு கடலே கதியென்று கிடந்தேன். ஒரு நாட்டில் குடைக்கும் தூண்டிலுக்கும் நடுவே துப்பாக்கி தொங்கியது. வாங்க வந்தவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாட்டில் துப்பாக்கி இரும்புப் பெட்டியில், குண்டு வேறு அறையில்; பூட்ட மறந்தால் சிறை. இன்னொரு நாட்டில் காவலரின் இடுப்பிலேயே துப்பாக்கி இல்லை. எங்கள் கப்பல் தலைவருடையதையும் முத்திரையிட்டுப் பூட்டிவிட்டார்கள்.

எது உயர்ந்த சட்டம் என்று கேட்டீர்களே வக்கீல் ஐயா, சொல்கிறேன். எங்கள் கப்பல் சமையற்காரர் வேறொரு நாட்டில் குடியேறினார். வேட்டைத் துப்பாக்கிக்கு மனுப் போட்டார். நான் அங்கே விருந்தாளி. அதிகாரி வந்தார். எங்கள் இருவரையும் தெருவில் நிறுத்தினார். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, சமையற்காரரின் மனைவியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்படி என்னதான்மா கேட்டாங்க?" என்றேன் பிறகு.

"இவர் கையில துப்பாக்கி இருந்தா எனக்குத் தூக்கம் வருமான்னு கேட்டாங்கண்ணே. வராதுன்னேன்."

அவ்வளவுதான். மனு தள்ளுபடி! சமையற்காரர் தட்டை வீசினார், தம்ளரை வீசினார். வீசுவதற்கு அவர் கையில் அவைதான் இருந்தன. நான் தெருவில் நின்று அழுதேன்.

வரியைக் கேட்ட சட்டமே! மருத்துவரைக் கேட்ட சட்டமே! வாசலில் நின்ற என்னைக் கேட்ட சட்டமே! வீட்டுக்குள் வாழ்ந்தவளை ஏன் கேட்கவில்லை? கேட்கச் சொன்னவளை நானே உள்ளே விரட்டினேனே, நான் மட்டும் எந்த நாட்டுச் சட்டம்?

இன்றும் நம் மனுத்தாளில் அந்தக் கேள்வி இல்லை. சேருங்கள்! அந்த ஒரு வரியைச் சேருங்கள்!

எஞ்சின் இரைச்சலில் கத்திப் பழகிய இந்தத் தொண்டையைப் பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் நன்றியும் கும்பிடும்.

மச்சான் சிறையில் செத்தார். எழுத்தர் போனார். சலவைக்கடைக்காரர் போனார். சமையற்காரரும் போய்ச் சேர்ந்தார். என்னை விடுங்கள், நான் இருந்தென்ன? இன்றும் நிம்மதியாக உறங்கி எழுந்துகொண்டிருப்பவர் ஒருவர்தான். சமையற்காரரின் மனைவி, கேட்கப்பட்ட அந்த அம்மாள்.