கணவாய் வளைவில் நான் அடித்த ஹாரன்

என் பெயர் தாவோன் சாய்கேவ். வயது நாற்பத்தாறு. இருப்பு லம்பாங் மாகாணம், மே தா. லாரி ஓட்டுகிறேன். எழுதப் படிக்கத் தெரியும்.

என் லாரியில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று முதலாளியிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் கண்ணாடியில் கட்டுவதற்குப் புதுத் தாயத்து வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு, சம்பவத்துக்கு முந்தின நாள், காலி லாரியோடு மலையேறும்போது கணவாய் வளைவில் காவல் தெய்வத்தின் கோயிலருகே நிறுத்தி, அங்கே மாலை விற்கும் லம்யை என்ற பெண்மணியிடம் மாலை வாங்கினேன். பிரேக் விஷயத்தை அவரிடமும் சொன்னேன். "நீங்கல்லாம் பிரேக்குக்குச் செலவழிக்காத காசுலதான் தம்பி என் பொழப்பே ஓடுது" என்று சிரித்தார்.

அந்த வளைவில் விபத்து நடக்கும்போதெல்லாம், இனி நடக்கக்கூடாது என்று யாராவது எங்கள் ஊர் வழக்கப்படி தெய்வத்துக்குக் காணிக்கையாக வரிக்குதிரைப் பொம்மைகள் கொண்டுவந்து வைப்பார்கள். அவை பெருகிச் சாலையோரத்தை அடைத்துவிட்டதால் லாரி ஒதுங்க இடமில்லை.

மறுநாள் மக்காச்சோள மூட்டைகளோடு இறங்கி வரும்போது பிரேக்கை மிதித்தேன். மிதி தரையைத் தொட்டது, லாரி நிற்கவில்லை. கியரைக் குறைக்கப் பார்த்தேன், விழவில்லை. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் கோயில். லம்யை சாலையோரம் கூடையருகே குனிந்திருந்தார். நான் ஹாரனை விடாமல் அழுத்தினேன். அவ்விடத்தைக் கடக்கும் லாரிகள் தெய்வத்துக்கு ஹாரன் அடிப்பது வழக்கம். வேண்டுதல் பெரிதானால் நீட்டி அடிப்பார்கள். லம்யை நிமிர்ந்தார். என் பக்கம் பார்க்காமல் கோயில் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். அதன் பிறகு லாரி அவர் மீதும் வரிக்குதிரைகள் மீதும் ஏறி, கோயில் மேடையில் மோதி நின்றது.

அதன் பிறகு காவல் நிலையத்தில் சார்பு ஆய்வாளர், பார்த்தவர்கள் அனைவரும் நான் தெய்வத்துக்கே ஹாரன் அடித்ததாகச் சொல்வதாகவும், அது எச்சரிக்கை ஆகாது என்றும், அப்படியானால் எனக்குத் தண்டனை கூடும் என்றும் தெரிவித்தார்.

அதன் பிறகு லம்யையின் கணவர் புன்மா, உடலைப் பெறக் கையெழுத்திட வந்தவர், என்னை அடைத்திருந்த அறையின் கம்பிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். திட்டவில்லை. அவர் சட்டைக் கையில் மாலை கட்டும் நூல் ஒட்டியிருந்தது.

"தம்பி, நீ ஆரன் அடிச்சது சாமிக்குத்தான? அவ கும்பிட்ட கையோட போயிட்டா, அது புண்ணியம். ஒதுங்கச் சொல்லி அடிச்சு, அது அவளுக்குப் புரியாமப் போச்சுன்னா என்னால தாங்க முடியாது."

"சாமிக்குத்தாண்ணே" என்றேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் ஹாரன் அடித்தது லம்யை விலக வேண்டும் என்பதற்காகவே. தெய்வத்தை அப்போது நான் நினைக்கவே இல்லை. புன்மாவிடம் சொன்னது பொய். இங்கே சொன்னது முழுவதும் உண்மை. வாசித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. நீதிமன்றத்தில் இதை வாசிக்கும் நேரத்தில் புன்மாவை வெளியே இருக்கச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) தாவோன் சாய்கேவ்