நூறு கஜத்தில் ஒரு ஒட்டகம்

— லோரன், முதல்ல அந்தக் கழுத்துத் துணியை வாயிலேருந்து இறக்கு. அப்புறம் பேசு. பெத்தவகிட்ட மூட்டைக்குள்ளேருந்து பேசற மாதிரியா பேசறது?

— ஐயோ அம்மா, பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி. வாயைத் திறந்தா பல்லு விறைக்குது. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். புது பூட்ஸ் எப்படி இருக்கு?

— கால் ரெண்டும் இன்னும் கம்பளிக்குள்ளயே படுத்திருக்குடா. எழுந்து வர மனசே இல்ல அதுங்களுக்கு.

— எழுதிக்கோக்கா. பூட்ஸ், பாஸ். சத்தியமா சொல்றேன், அது நான் செலக்ட் பண்ணது.

— எழுதிட்டேன். அடுத்தது கையுறை.

— கையுறை மட்டம். விரல் கிட்ட தடிமனா இருக்கு. நாப்பது வருஷமா தொட்டுப் பழகின துப்பாக்கி விசை, அடுத்த வீட்டுப் பூனை மாதிரி தள்ளி நிக்குது. மாரித், நீ ஏன்டி உம்முனு இருக்கே? கிறிஸ்துமஸுக்கு வந்த சாமானையெல்லாம் ஜனவரி முதல் ஞாயித்துக்கிழமை இந்த மேஜையில பரப்பி வச்சு, சுட்டுப் பாத்து, வச்சுக்கலாமா திருப்பிக் குடுக்கலாமான்னு பாக்கறது உங்க அப்பா ஏற்படுத்தின வழக்கம். அன்னைக்கு யாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது. அதுவும் அவர் போட்ட சட்டம்தான்.

— நான் உம்முனு இல்லம்மா. கடைசி சாமானுக்குக் காத்துக்கிட்டிருக்கேன். காதுமூடி.

— ஆஹா, அதுதான் என் செல்லம். எடுடா, எடுடா. எப்படி வேலை செய்யும்னு மறுபடி சொல்லு. என்னைப் பாத்துச் சொல்லு.

— வெடிச் சத்தத்தை அப்படியே அடைச்சுடும். சின்னச் சத்தத்தைப் பெருசாக்கிக் குடுக்கும். முணுமுணுத்தாக்கூட கேக்கும்னு அட்டையிலேயே போட்டிருக்கு. சத்தியமா, இந்த வருஷம் வந்ததுலேயே இதுதான் ராஜா.

— டாக்டர் குடுத்த காது மெஷினை மாவு டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சியே, இதை மட்டும் போட்டுக்குவியாம்மா?

— அது கிழவிங்க போடறது. இது சுடறவங்க போடறது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?

— சரி. உள்ளே ஒண்ணு வெளியே ஒண்ணு எனக்கு வராது. என் மூஞ்சியைப் பாரு, சொல்லிடறேன். டிசம்பர்ல அடுப்பங்கரை பூரா புகை. அலாரம் முக்கா மணி நேரம் கத்தியிருக்கு. ஏரிக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஓரின் அதைக் கேட்டு, ஐஸ் மேலயே ஓடி வந்து கதவை உடைக்கறார். நீ பின் ரூம்ல நிம்மதியா தூங்கிக்கிட்டிருக்கே.

— கதவைத்தான் மாத்திக் குடுத்துட்டாரே.

— கதவைப் பத்தி யார் பேசினா? டுலுத் டவுன்ல முதியோர் இல்லத்துல ரூம் பாத்து வச்சிருக்கேன். நாளைக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லணும். இந்தக் காதுமூடியில உனக்குக் கேட்டா, நீ வீட்டுலயும் அதைப் போட்டுக்கோ, இங்கேயே இரு, நான் வாயைத் திறக்கல. கேக்கலைன்னா டுலுத். அவ்வளவுதான்.

— அக்கா, இதைச் சொல்ல இன்னைக்குத்தானா நாள் பாத்தே?

— இருடா லோரன். மாரித், அந்த ரூம்ல ஜன்னல் எதைப் பாத்து இருக்கு?

— ...வண்டி நிறுத்தற இடத்தைப் பாத்து.

— நான் இந்த ஏரியைப் பாத்துக்கிட்டே பல்லு தேச்சு நாப்பத்தொரு வருஷம் ஆச்சு. வண்டிங்களைப் பாத்துக்கிட்டு எனக்குத் தேய்க்க வராது. குடு அதை. போட்டுக்கறேன்.

— இப்படிம்மா. தலைக்கு மேல கொண்டு வா. தொப்பியை இழுத்து விடு. இப்போ எப்படி இருக்கு?

— ஷ்ஷ்... பேசாதீங்க ரெண்டு பேரும்.

— என்னம்மா? என்ன ஆச்சு?

— பனி விழற சத்தம் கேக்குது.

— பனிக்கு ஏதும்மா சத்தம்?

— ஏன் இல்ல? பைன் மரத்து ஊசி மேல விழுந்தா ஒரு மாதிரி, பழைய பனி மேல விழுந்தா ஒரு மாதிரி. ஊசி மேல விழறப்போ, அடுத்த ரூம்ல யாரோ காயிதம் மடிக்கற மாதிரி இருக்கும். பழைய பனி மேல விழறப்போ அதுகூட இல்ல. தூங்கற குழந்தையைத் தொட்டில்ல விட்டுட்டுக் கையை எடுப்போமே, அவ்வளவுதான். அடேயப்பா, எத்தனை நாளாச்சு!

— அக்கா, எழுது, எழுது! சத்தியமா எனக்கே உடம்பு சிலிர்க்குது.

— அதோ, காக்கா ஒண்ணு பறந்து போகுது பாரு. ஒவ்வொரு இறகா காத்தைப் பிசையற சத்தம். அதுக்கும் அடியில ஏரி. ஐஸ் தடிக்குது போல. கீழேருந்து நீளமா ஒரு முனகல், அந்தக் கரையில ஆரம்பிச்சு இந்தக் கரைக்கு வந்து நிக்குது. உங்க அப்பா தூக்கத்துல திரும்பிப் படுக்கறப்போ இப்படித்தான் முனகுவாரு. பக்கத்துல நின்னுக்கிட்டு, மூச்சை விடு ஆர்லிஸ், விட்டுட்டுச் சுடுன்னு சொல்ற மாதிரியே இருக்குடா எனக்கு.

— அம்மா... நீ சுடு முதல்ல. அப்புறம் அழலாம்.

— யாரு அழறா? குளிர்ல கண்ணு தண்ணி விடுது. காதை மூடிக்கங்க ரெண்டு பேரும். அஞ்சு தோட்டா.

— ஒண்ணு... ரெண்டு... மூணும் அதே இடம்டா லோரன்... நாலு... அஞ்சு. டெலஸ்கோப்பைக் குடு, பாக்கறேன். ம். அஞ்சுக்கும் சேர்த்து ஒரே ஓட்டை. ஒரு காசை வச்சு மறைச்சுடலாம்.

— என் அம்மாடா! அறுபத்தெட்டு வயசு! சத்தியமா ஊருக்கே சொல்லணும்.

— ஊருக்கு அப்புறம் சொல்லு. போய் குறிப் பலகையில புதுத் தாளை மாட்டிட்டு வாங்க. துப்பாக்கி திறந்து கிடக்கு, தோட்டா வெளியே இருக்கு, என் கை ரெண்டும் மடியில இருக்கு. பயப்படாம போங்க. நான் இந்த முக்காலி டெலஸ்கோப்பைச் சோதிக்கறேன். அதுவும் உங்க பட்டியல்ல இருக்குல்ல?

— இருக்கும்மா. நல்லா பாரு. லோரன், நட.

— நூறு கஜம்னு பேரு. இந்தப் பனியில ஆயிரம் மாதிரி இருக்குக்கா. முட்டி வரைக்கும் இறங்குது. திரும்பிப் பாரேன், அம்மா அங்கே கட்டைவிரல் அளவுதான் தெரியறா. சுத்தி எல்லாம் வெள்ளை. வானம் எங்கே முடியுது, ஏரி எங்கே ஆரம்பிக்குதுன்னே தெரியல. அம்மாவை யாரோ வரைஞ்சுட்டு மிச்சத்தை வரைய மறந்துட்ட மாதிரி.

— கவிதை போதும். தாளை எடு.

— அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன், கோபப்படாதே. அதான் கேக்குதே அம்மாவுக்கு. பனி விழறதே கேக்குதாம். இன்னும் எதுக்கு அந்த ரூம்? இப்போவே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடேன்.

— பனி விழுந்துச்சா இல்லையான்னு யார் சரி பாக்கறது? எனக்குச் சரி பாக்கற மாதிரி ஒண்ணு வேணும். இங்கே நின்னு ஏதாவது ஒண்ணு சொல்லப் போறேன். யாராலயும் ஊகிக்க முடியாத மாதிரி. போனதும் அம்மா அதைத் திருப்பிச் சொல்லிட்டா, ரூமை விட்டுடறேன்.

— இங்கேருந்தா? நூறு கஜத்துலேருந்தா? இது அநியாயம்! கத்தியாவது சொல்லு.

— கத்த மாட்டேன். இதே குரல்தான்.

— உனக்கு மனசே கிடையாதுக்கா. சின்ன வயசுலயும் இப்படித்தான். சறுக்கு வண்டியில என்னை மேட்டு உச்சியிலேருந்து தள்ளி விட்டுட்டு, கீழே வந்து சேர்ந்தா உனக்கு மிட்டாய்னு சொன்னவதானே நீ?

— மிட்டாய் குடுத்தேனா இல்லையா?

— குடுத்தே. பல்லு உடைஞ்சதுக்கு அப்புறம்.

— நீ ஆணியைப் பாத்து அடி. நான் சொல்லப் போறேன். "ஒட்டகத்துக்குப் பச்சை ஸ்வெட்டர்."

— என்னது?

— அதுதான் வாக்கியம். சொல்லிட்டேன். மேல் மூலை ரெண்டும் அடிச்சாச்சா? கீழ் மூலைக்கும் அடி. நடுவுல ஒண்ணு. இன்னும் ஒண்ணு. அவசரப்படாதே, காத்துல பிச்சுக்கிட்டுப் போயிடும்.

— தாளைவிட ஆணி அதிகமா போச்சு. வா, போகலாம். பாவம் அம்மா. சத்தியமா சொல்றேன், இன்னைக்கு உன்னோட ஒரே மேஜையில உக்காந்து சாப்பிட மாட்டேன். நீ அவங்களை இந்த ஏரியிலேருந்து பிடுங்கினா, அவங்க மார்ச் வரைக்கும்கூட இருக்க மாட்டாங்க. எனக்குப் பயமா இருக்குக்கா.

— எனக்கும்தான். நட.

— ...அம்மா, வந்துட்டோம். டெலஸ்கோப்பு எப்படி?

— அருமைடா. அந்தப் பக்கத்துப் பைன்ல ஒரு மரங்கொத்தி அலகைத் துடைச்சுக்கிட்டிருந்துச்சு, அது வரைக்கும் தெரிஞ்சுது. அது இருக்கட்டும். மாரித், ஒரு சந்தேகம்.

— சொல்லும்மா.

— ஒட்டகத்துக்கு யாருடி ஸ்வெட்டர் பின்னப் போறா? அதுவும் பச்சையில?

— அக்கா! அக்கா, கேட்டியா? சொல்லிட்டாங்க! பச்சைங்கிறது வரைக்கும் சொல்லிட்டாங்க! எங்கம்மாடா! எங்கே போன்? எடு போனை!

— எடுக்கறேன், எடுக்கறேன், கையை விடு... ஹலோ. டிசம்பர்ல வந்து பாத்துட்டுப் போனேனே, மாரித். ஆமாம், ஆர்லிஸோட பொண்ணு. அந்த ரூம் வேண்டாம். இல்ல, யோசிக்க ஒண்ணும் இல்ல. அவங்களுக்கு நல்லா கேக்குது. ஆமாம், வேற யாருக்காவது குடுத்துடுங்க... முடிஞ்சுதும்மா.

— நீ அழறியா மாரித்?

— குளிர்ல கண்ணு தண்ணி விடுது.

— இங்கே வா. வாடி. இவ்வளவு பெருசா வளர்ந்துட்டே, கட்டிப் பிடிச்சா என் தொப்பி விழுது. கேளு, எனக்கு இந்த வருஷம் வேற எதுவும் வேண்டாம். பூட்ஸைக்கூடத் திருப்பிக் குடுத்துடு. நான் வண்டிக்குப் போய் காப்பியையும் உருளைக்கிழங்கு ரொட்டியையும் எடுத்துட்டு வரேன். நல்லா வெண்ணெய் தடவி வச்சிருக்கேன், சர்க்கரையும் தூவி. இந்தா, காதுமூடியைப் பத்திரமா வை.

— நடையைப் பாருக்கா. சின்னப் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டுப் போற மாதிரி போறாங்க. இந்தக் காதுமூடி தெய்வம்க்கா. எனக்கும் ஒண்ணு வாங்கிக்கப் போறேன். இதை அணைக்கறது எந்தப் பக்கம்... இரு... அக்கா.

— என்ன?

— இதுல பேட்டரி இல்ல.

— ம்.

— என் கோட்டுப் பையில இருக்கு. உறைகூடப் பிரிக்கல. காலையில காப்பி குடிச்சுட்டுப் போடலாம்னு வச்சேன், அப்படியே மறந்துட்டேன். அக்கா, பேட்டரி இல்லாம இது வெறும் பஞ்சு உருண்டை மாதிரி. நல்ல காதுக்கே ஒண்ணும் கேக்காது!

— தெரியும். பச்சை விளக்கு எரியலையே. காலையிலேயே பாத்தேன்.

— அப்போ... ஒட்டகம்?

— டெலஸ்கோப்புடா. வாயசைவைப் பாத்துத்தான் அவங்க பேச்சைப் புரிஞ்சுக்கறாங்க, ரொம்ப நாளா. அப்பா அடக்கத்துல கவனிச்சேன். பாதிரியார் நிமிர்ந்து பேசறப்போ அம்மா அழுதாங்க. அவர் குனிஞ்சு பைபிளைப் படிக்க ஆரம்பிச்சதும் அழுகை நின்னு போச்சு. நிமிர்ந்தார், மறுபடி அழுதாங்க. காது சுத்தமா போயிடுச்சுடா.

— பனி? காக்கா? அப்பா முனகற சத்தம்?

— எல்லாம் ஞாபகத்துலேருந்து. அவங்களுக்குள்ள அது இன்னும் விழுந்துக்கிட்டேதான் இருக்கு. பொய்னு சொல்ல எனக்கு வாய் வரல.

— அய்யோ, நீ ரூமை விட்டுட்டியேக்கா! மறுபடி புகை வந்தா? திரும்பப் போன் பண்ணு!

— என் வண்டி டிக்கியில ஒரு பெட்டி இருக்கு. புகை வந்தா விளக்கு பளிச்சு பளிச்சுன்னு எரியும், கட்டிலையும் நாற்காலியையும் புடிச்சு உலுக்கும். போன வாரமே வாங்கிட்டேன். காது கேக்காதவங்களுக்குன்னு குடுத்தா தூக்கி ஏரியில போட்டுடுவாங்க. ஜெயிச்சவங்களுக்குப் பரிசுன்னு குடுத்தா வாங்கிப்பாங்க. உனக்கு உன் அம்மாவைத் தெரியாதா?

— ஆனா அந்த நேரம் பாத்து அவங்க மரங்கொத்தியைப் பாத்துக்கிட்டிருந்திருந்தா? நீ ஒரே ஒரு தடவைதானேக்கா சொன்னே?

— உனக்குக் கேட்டது ஒரு தடவை. நீ ஆணி அடிச்சுக்கிட்டிருந்தப்போ, அம்மா பக்கம் திரும்பி நின்னு, கழுத்துத் துணியை இறக்கிட்டு, சத்தமே இல்லாம இன்னும் ஏழு தடவை சொன்னேன்டா.