அவனுக்கு எது அதிகமா வலிக்கும்

— அதெல்லாம் சரி. இந்தக் காரை உங்க ஷோரூம்ல குடுத்துட்டு நான் அந்தப் புது மாடலை எடுத்துட்டுப் போயிட்டா, இத என்ன பண்ணுவீங்க? அத மட்டும் சொல்லுங்க.

— மேடம், ஸ்போர்ட்ஸ் காருதான், மறுக்கல. ஆனா கம்பெனி குடுத்த மாதிரி ஒண்ணுமே இல்லையே. டர்போ வெளில வாங்கினது, சைலன்சர் வெளில செஞ்சது, சீட்டு கூட மாத்தியிருக்கு. இத அப்படியே விக்க முடியாது. எல்லாத்தையும் கழட்டிட்டு...

— கழட்டிட்டு?

— இஞ்சினை உருக்கப் போட்டுடுவாங்க மேடம்.

— உருக்கவா? ஐயோ, நல்லா இருக்கே! அத வீடியோ எடுத்துத் தர முடியுமா?

— வீடியோவா? எதுக்கு மேடம்?

— என் பழைய புருஷனுக்கு அனுப்பத்தான்.

— அது... மேலாளரைக் கேட்டுச் சொல்றேன் மேடம். புது மாடல்ல கியர் தானாவே மாறும், சத்தமே இருக்காது...

— அண்ணி! அண்ணி, நில்லுங்க! கையெழுத்துப் போட்டுடாதீங்க!

— பாருங்க சார், வந்துட்டா. என் நாத்தனாரா இருந்தவ, கோர்ட்டு தீர்ப்பு வர்ற வரைக்கும். என்னடி, உங்கண்ணன் தூது அனுப்பிட்டானா?

— அவன் ஒண்ணும் அனுப்பல. கோர்ட்டு உங்களையும் அவனையும்தான பிரிச்சுது? உங்களையும் என்னையும் யாரு பிரிச்சா?

— நீங்க பேசுங்க மேடம். நான் போயி உங்க வண்டிய உள்ள எடுத்து வைக்கிறேன்.

— போங்க சார், சாவி இந்தாங்க. நீ உக்காரு, மூச்சு வாங்குது. நல்ல நேரத்துல வந்த. எனக்கு ஒரே குழப்பமா இருக்கு, நீயே சொல்லு. இத மாத்திட்டா, உருக்கிடுவாங்க. உங்கண்ணனுக்கு அன்னிக்கு ஒரு நாள் வயிறு பத்தி எரியும். மாத்தாம நானே வச்சிக்கிட்டேன்னு வை, தினமும் அவன் ஒர்க்‌ஷாப் வாசல் வழியா ஓட்டிட்டுப் போவேன். கழுவ மாட்டேன். காக்கா எச்சத்தோட, ஒடுங்கின கதவோட. தினமும் எரியும். எது அதிகமா வலிக்கும்?

— அண்ணி, ரெண்டும் வேணாம். நான் சொல்றதக் கொஞ்சம்...

— கோர்ட்ல வீடு வேணுமா காரு வேணுமான்னு கேட்டாங்கல்ல, காருன்னு சொன்னேன். உங்கண்ணன் மூஞ்சி போன போக்க நீ பாக்கணுமே! எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை போட்டுப் படுன்னுட்டு, இஞ்சின் சூடாகுதுன்னு ஓடினவன்டி அவன். இன்னொருத்தின்னா கூட சரி, முடியப் புடிச்சு ரெண்டு சண்டை போட்டிருப்பேன். போயும் போயும் ஒரு காருகிட்ட தோத்துட்டு வந்தேன்.

— மேடம், மன்னிக்கணும். வண்டி ஸ்டார்ட் ஆகல. மூணு பேரு மாத்தி மாத்திப் பாத்துட்டோம்.

— சார், பானெட்டைத் திறந்து வைங்க. சூடு எறங்கட்டும். ஆக்சிலேட்டர்ல காலே வைக்காதீங்க. ஸ்டீரிங்குக்குக் கீழ தடவினா சின்ன சுவிட்சு ஒண்ணு அகப்படும். அதப் போட்டுட்டு, பம்பு சத்தம் அடங்கினதும் சாவியத் திருப்புங்க.

— சரிங்க மேடம்.

— ஏய். உனக்கு எப்படிடி இதெல்லாம் தெரியும்?

— அது நான் வச்ச சுவிட்சு அண்ணி.

— என்னது?

— சுவிட்சு மட்டும் இல்ல. அந்த இஞ்சின்ல நான் கை வைக்காத போல்ட்டு ஒண்ணு கிடையாது.

— சும்மா அளக்காத.

— நடுரோட்ல நின்னுபோச்சுன்னா அண்ணன் என்ன பண்ணுவான்?

— ஓரமாப் போயி யாருக்கோ போன் போடுவான். ம்... ம்...னு கேட்டுட்டு வந்து... அடியே! நீயா அது?

— நான்தான். ஒவ்வொரு தடவையும் அந்த சுவிட்ச மறந்துடுவான். மில்லுல வேலை முடிச்சிட்டு வந்து, அம்மா வீட்டு ஷெட்ல தரையில படுத்துக் கட்டினது அண்ணி. பொம்பளப் புள்ள கட்டின இஞ்சின்னா எவன் மதிப்பான், என் பேருல இருக்கட்டும், நாளைக்கு ஒர்க்‌ஷாப் வச்சா நீதான் பார்ட்னர்னான். நானும் நம்பினேன்.

— வச்சிட்டானே!

— வச்சிட்டான். இந்தக் காரைக் காட்டித்தான் வச்சான். போர்டுல அவன் பேரு. நான் போயி நின்னேன். முன்னாடி மேசையில உக்காந்து போன் எடுக்கிறியான்னு கேட்டான்.

— அடப்பாவி. கூடப் பொறந்தவகிட்டயா?

— அன்னிக்கு கோர்ட்ல அவன் மூஞ்சி போனது பாசத்துனால இல்ல அண்ணி. எவனாவது இஞ்சினைப் பிரிச்சுப் பாத்து, விவரம் கேட்டா மாட்டிக்குவோம்ங்கிற பயம். நீங்க உருக்கிட்டீங்கன்னா அவனுக்கு அதவிட நிம்மதி கிடையாது. யாரு கட்டினதுங்கிற கேள்வியும் சேந்து உருகிடும்.

— அப்போ உருக்கக் கூடாது.

— கூடவே கூடாது.

— கழுவாம ஓட்டுறது?

— அது இஞ்சினுக்குப் பண்ற பாவம். அவனுக்கு உறைக்காது. அண்ணி, அடுத்த மாசம் ரேஸ் டிராக்ல போட்டி. அவனே ஓட்டுறான். கண்ணாடிக்குப் பின்னாடி நிக்குதே இந்தப் புது மாடல், இதத்தான் இறக்குறான். வாடிக்கைக்காரங்க எல்லாரையும் வரச் சொல்லியிருக்கான்.

— ம்ம். மேல சொல்லு.

— இஞ்சினுக்கு வேகம் ஏத்துறதே டர்போதான், இதுல இருக்கிறது சின்னது. பெருசு போட இடம் விட்டுத்தான் கட்டினேன். ஓட்ட பயந்துக்கிட்டு அவன்தான் வேணாம்னுட்டான். அத மாத்திட்டா, புது மாடல் இது பின்னாடி தூசி தின்னுட்டே வரணும்.

— யாரு ஓட்டுவா?

— நான்.

— மைக்ல பேரு சொல்லுவாங்களா?

— சொல்லுவாங்க. காரு உங்க பேருல. கட்டினதும் ஓட்டுறதும் என் பேருல. நம்ம ரெண்டு பேரோட பேரையும் அவன் ஹெல்மெட்டுக்குள்ள இருந்து கேக்கணும்.

— கேக்கணும்டி. வாடிக்கைக்காரன் எல்லாம் திரும்பி அவனப் பாக்கணும். நான் மேல கேலரில உக்காந்து அத நிதானமா ரசிக்கணும். சார்! சார், இங்க வாங்க!

— ஸ்டார்ட் ஆயிடுச்சு மேடம்! அவங்க சொன்ன மாதிரியே.

— சாவியக் குடுங்க. மாத்தல.

— மேடம், புது மாடலோட வேகத்த நீங்க ஒரு தடவ ஓட்டிப் பாத்தீங்கன்னா...

— ஓட்ட வேண்டாம். அடுத்த மாசம் துரத்திப் பாத்துக்குறோம். வாடி, நீயே எடு.

— பெல்ட்ட இறுக்கிப் போடுங்க அண்ணி.

— இந்த உறுமலக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். இன்னிக்கு என்னமோ சங்கீதம் மாதிரி இருக்கு.

— முதல் சுத்துல அவன முன்னாடி விட்டுடுவேன். கையாட்டட்டும், சிரிக்கட்டும். கடைசி சுத்துல, எல்லாரும் எந்திரிச்சு நிக்கிற நேரத்துல தாண்டுவேன்.

— அப்படிப் பண்ணு! ஒரேயடியா வேணாம், கொஞ்சம் கொஞ்சமா. அவன் எனக்குக் குடுத்த மாதிரியே. ஆனா ஒண்ணுதான்டி எனக்கு வெளங்கல. பூரா வேலையும் நீயே பண்ணினன்னா, ஞாயித்துக்கிழமையானா காலைலயே ஷெட்டுக்குப் போறேன்னு போயி, பொழுது சாய்ஞ்சுதானே வருவான்? அங்க கிடந்து அவன் என்னதான் பண்ணினான்? ஸ்பேனர் எடுத்துக் குடுத்தானா?

— ஞாயித்துக்கிழமையா? அன்னிக்கு ஷெட்ல நான் மட்டும்தானே அண்ணி. வருவான், பையில இருந்து நல்ல சட்டைய எடுத்து மாத்துவான், சென்ட் அடிச்சுக்குவான், ‘அவ காத்திட்டிருப்பா, வெளிய கூட்டிட்டுப் போகணும்’னு சொல்லிட்டு ஓடுவான்... உங்களத்தானே சொல்லுவான், அண்ணி?